எடை குறைந்தது, தோல் ஏன் தொங்குகிறது?

இருபது, முப்பது கிலோ குறைத்த ஒருவரைக் கண்டால் ஊரார் முதலில் கேட்பது, "என்ன வருத்தம் உங்களுக்கு?" என்றுதான். கன்னம் ஒடுங்கி, கழுத்தில் தோல் மடிந்து, கையைத் தூக்கும்போது மேற்கையின் தோல் ஆடினால், "சீனி வந்துட்டுதா?" என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு வருடம் வாயைக் கட்டி, வியர்வை சிந்தி உடம்பைக் குறைத்தவர் அதோடு மனம் நொந்து போகிறார். சிலர் பழைய உடம்பே பரவாயில்லை என்று சோற்றுக் கோப்பைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

தொங்கும் தோல் நோயல்ல. நீங்கள் ஏதோ தவறு செய்ததற்கான அடையாளமும் அல்ல. ஆனால் புத்தளத்துக்கு வடக்கே கரைத்தீவு போன்ற கடலோர ஊர்களில், வெயிலும் உப்புக் காற்றும் வியர்வையும் சேரும்போது, அதைக் கவனிக்காமல் விட்டால் புண்ணில் முடியலாம். எனவே தோலை எப்படி இறுக்குவது என்று யோசிப்பதற்கு முன்னால் அதை எப்படிப் பாதுகாப்பது என்று தெரிந்துகொள்வோம்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீங்கள் முயலாமலேயே எடை குறைகிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானதல்ல. நீரிழிவு, காசநோய், தைரொயிட் கோளாறு, புற்றுநோய் என எதுவும் காரணமாக இருக்கலாம். உடனே வைத்தியரைப் பாருங்கள்.

தோலுக்குள் நடப்பது என்ன?

தோலின் உள்ளடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. கொலாஜன் தோலுக்கு உறுதி தருகிறது. இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும் தன்மையை எலாஸ்டின் தருகிறது. உடம்பு பருக்கும்போது தோலும் கூடவே விரிகிறது. பல வருடங்கள் விரிந்தே இருந்தால் இந்த நார்கள் சேதமடைகின்றன. பழைய பாவாடை இலாஸ்டிக்கைப் போல, இழுத்த இழுப்பிலேயே நின்றுவிடுகின்றன.

கொலாஜனை உடம்பு ஓரளவு மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். எலாஸ்டின் பெரும்பாலும் சிறுவயதிலேயே உருவாகிவிடுகிறது. வளர்ந்த பிறகு புதிதாக உருவாவது மிகக் குறைவு. எல்லோருடைய தோலும் முழுமையாகச் சுருங்காததற்கு இதுவே முக்கிய காரணம்.

யாருக்கு அதிகம் தொங்கும்?

குறைந்த எடை எவ்வளவு, எத்தனை வருடம் பருமனாக இருந்தீர்கள், எத்தனை வயதில் குறைத்தீர்கள் என்பவைதான் முக்கியம். ஐந்து, பத்து கிலோ குறைத்தவருக்குத் தோல் பெரும்பாலும் தானாகவே ஒத்துப்போகும். நாற்பது, ஐம்பது கிலோ குறைத்தவருக்கு வயிறு, மேற்கை, தொடை, மார்பு ஆகிய இடங்களில் தோல் மிஞ்சுவது வழமை. பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மாருக்கு வயிற்றுத் தோல் ஏற்கனவே விரிந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் அதிகம் தொங்கும்.

பரம்பரை நம் கையில் இல்லை. ஆனால் வெயிலும் புகையும் நம் கையில் இருக்கின்றன. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் கொலாஜன், எலாஸ்டின் இரண்டையும் சிதைக்கும். நாள் முழுக்க வள்ளத்திலும் உப்பளத்திலும் நிற்பவர்கள் நீளக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் போடுவது தோலுக்குச் செய்யும் பெரிய உதவி. சிகரெட்டும் பீடியும் தோலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும்.

தோலா, கொழுப்பா? கிள்ளிப் பாருங்கள்

தொங்குவதெல்லாம் வெறும் தோல் அல்ல. கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அந்த மடிப்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மெல்லிய துணியைப் போல இரண்டு விரலுக்கு நடுவே வந்தால் அது பெரும்பாலும் தோல். தடித்து, பஞ்சுபோல் மெத்தென்று இருந்தால் உள்ளே இன்னும் கொழுப்பு இருக்கிறது. அந்தக் கொழுப்பு மெல்லக் குறையும்போது மடிப்பும் சற்றுச் சிறிதாகும். எடை ஒரே அளவில் நின்ற பிறகும் தோல் மாறிக்கொண்டிருக்கும். அந்த மாற்றத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ பிடிக்கலாம். அதற்குள் அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

மடிப்புக்குள் வரும் புண்

அடிவயிற்று மடிப்பு, மார்பின் கீழ்ப்புறம், தொடையிடுக்கு, அக்குள் ஆகிய இடங்களில் தோலோடு தோல் உரசி, வியர்வை தங்கி, காற்றுப் படாமல் போகிறது. முதலில் சிவப்பும் எரிவும் வரும். பிறகு பங்கசுத் தொற்று சேரும். ஈரமாகச் சிவந்து, அரித்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பருக்கள் தெரிந்தால் அது கண்டிடா என்ற பங்கசாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும், லேசில் ஆறாது. உடலை முழுதாக மூடும் உடையுடன் வெக்கையில் வேலை செய்யும் பெண்களும், நனைந்த சாரத்துடனேயே கரைக்கு வரும் மீனவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது எளிமையானது. ஆனால் தினமும் செய்ய வேண்டும்:

• கடலில் இறங்கி வந்தால் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவுங்கள். வாசனை கூடிய, காரமான சோப் வேண்டாம்.

• மடிப்பைத் தூக்கிப் பிடித்து, மெல்லிய துவாயால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். பிறகு சில நிமிடங்கள் மின்விசிறிக் காற்றுப் படவிடுங்கள்.

• துவைத்துக் காய்ந்த பழைய வாயில் சேலைத் துண்டு ஒன்றை மடிப்புக்குள் வையுங்கள். அதன் ஓரம் வெளியே தெரியட்டும். ஈரம் வெளியேற அதுதான் வழி. நனைந்தவுடன் மாற்றுங்கள்.

• உள்ளாடை பருத்தியில் இருக்கட்டும். நைலோன் வியர்வையை உறிஞ்சாது.

• பவுடரை அள்ளிக் கொட்ட வேண்டாம். வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி மேலும் உரசும்.

மடிப்பு சூடாகி, சிவப்புப் பரவினால், சீழோ துர்நாற்றமோ வந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். சீனி உள்ளவர் ஒரு நாள்கூடப் பிந்தக் கூடாது.

பாமசிக் களிம்பு ஆபத்து

அரிப்பு என்றதும் பாமசியில் கேட்டு வாங்கும் பல களிம்புகள் கலவை மருந்துகள். பங்கசு மருந்தோடு வலுவான ஸ்டீரொயிட்டும் அதில் இருக்கும். பூசியதும் அரிப்பு நிற்கும். அதனாலேயே நம்பிக்கை வரும். ஆனால் மடிப்புத் தோல் மெல்லியது. வாரக்கணக்கில் ஸ்டீரொயிட் பூசினால் அது மேலும் மெலிந்து வரிவரியாக வெடிக்கும். பங்கசும் உருமாறிப் பரவும். ஏற்கனவே நலிந்த தோலுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. எந்தக் களிம்பு, எத்தனை நாள் என்பதை வைத்தியரே சொல்லட்டும்.

சாப்பாட்டில் மீன் கூடட்டும், சோறு குறையட்டும்

வேகமாக எடை குறைப்பவர்கள் கொழுப்போடு தசையையும் இழக்கிறார்கள். பட்டினி கிடப்பவருக்கும், செமாகுளுடைட் போன்ற ஊசி போடுபவருக்கும் இது பொருந்தும். தசை வற்றினால் தோல் இன்னும் தளர்ந்து தெரியும். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைப்பதே நிதானமான வேகம்.

தசைக்கும் கொலாஜனுக்கும் மூலப்பொருள் புரதம். எடை குறைக்கும் காலத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் எடுப்பது பொதுவான கணக்கு. 70 கிலோ உள்ளவருக்கு 70 முதல் 84 கிராம் ஆகும். கடற்கரையில் இருப்பவருக்கு இது கஷ்டமே இல்லை. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது; ஒரு முட்டையில் 6 கிராம். காலையில் இரண்டு முட்டையும் அரைக் கோப்பை அவித்த கடலையும், மதியம் 150 கிராம் மீனும் பருப்பும், இரவு 100 கிராம் மீன் என்று சாப்பிட்டால் 75 கிராமை எட்டிவிடலாம். சூடையும் கீரியும் போதும். விலை கூடிய மீன் தேவையில்லை. நம் வழக்கமோ கோப்பை நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு துண்டு மீன். இந்த அளவைத்தான் மாற்ற வேண்டும். கருவாட்டில் புரதம் உண்டு, உப்பும் உண்டு. குருதி அமுக்கம் உள்ளவர்கள் அளவோடு சாப்பிடுங்கள்.

கொலாஜன் உருவாக விற்றமின் சி தேவை. கொய்யா, நெல்லி, தேசிக்காய் போதும். நோன்பு காலத்தில் பெட்டிஸ், ரோல்ஸைக் குறைத்து, இப்தாரிலும் சஹரிலும் முட்டை, மீன், கடலையைப் பிரித்துச் சாப்பிடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

உடற்பயிற்சி தோலைச் சுருக்குமா?

சுருக்காது. ஆனால் தோலுக்குக் கீழே தசை வளர்ந்தால் கொஞ்சம் இடம் நிரம்பும். கையும் தொடையும் திரண்டு தெரியும். வாரத்துக்கு 150 நிமிடமாவது நடை போன்ற மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நடப்பவர் பலர், இந்த இரண்டாவதைச் செய்பவர் குறைவு. ஜிம் வேண்டியதில்லை. கதிரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழும்புங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிய போத்தலைப் பிடித்துக் கையை மடக்கி நீட்டுங்கள். ஒவ்வொன்றையும் பத்துப் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று செய்யுங்கள். உரசலைத் தடுக்க உடலோடு ஒட்டிய பருத்தி ஆடை அணியுங்கள்.

விளம்பரங்களை நம்பலாமா?

மிஞ்சிய தோலைச் சுருக்கும் கிறீம் எதுவும் இல்லை. ரெட்டினோல் கலந்தவை மேல்தோலின் சுருக்கத்தைச் சற்றுக் குறைக்கலாம். வயிற்று மடிப்பை ஒன்றும் செய்யாது. ரேடியோ அலைக் கருவிகள் லேசான தளர்ச்சிக்கு ஓரளவு உதவலாம். நாற்பது கிலோ குறைத்தவரின் தோலுக்கு அவை போதாது. வயிற்றில் பிளாஸ்டிக் தாள் சுற்றி நடப்பதால் வியர்வையும் புண்ணும்தான் மிச்சம்.

சத்திரசிகிச்சை யாருக்கு, எப்போது?

அதிகமாக மிஞ்சிய தோலை அகற்ற உண்மையான வழி சத்திரசிகிச்சை மட்டுமே. இங்கிலாந்தின் போல் மேசன் ஒருகாலத்தில் 440 கிலோவுக்கும் மேல் இருந்தவர். 2010இல் இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்து ஏறக்குறைய 300 கிலோவைக் குறைத்தார். தொங்கிய தோலின் பாரத்தால் நடக்கவே சிரமப்பட்ட அவருக்கு 2015இல் நியூயோர்க்கில் 20 கிலோவுக்கும் மேலான தோலை அகற்றினார்கள். 2013இல் 610 கிலோ இருந்த சவுதி இளைஞர் காலித் ஷாரிக்கும் எடை குறைந்த பின் தோல் அகற்றும் சத்திரசிகிச்சைகள் தேவைப்பட்டன. இவர்கள் உச்ச உதாரணங்கள். நம் ஊரில் பெரும்பாலானோருக்கு இது தேவைப்படாது.

மடிப்பில் திரும்பத் திரும்பப் புண் வருகிறது, நடக்கவும் வேலை செய்யவும் தோல் இடைஞ்சலாக இருக்கிறது என்றால் வைத்தியரிடம் கேட்கலாம். எடை ஆறு மாதமாவது ஒரே அளவில் நின்றிருக்க வேண்டும். இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் வழமையாக 12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும். சீனி கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இரத்தச்சோகையும் புரதக் குறைவும் சரியாகியிருக்க வேண்டும். புகைப்பதை நான்கு வாரம் முன்பாவது நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் பிள்ளை பெற நினைப்பவர்கள் வயிற்றுச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவதே புத்தி.

இது சின்ன வேலையல்ல. வயிற்றில் ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புவரை தழும்பு இருக்கும். காயம் பிளப்பது, தோலுக்கடியில் நீர் தேங்குவது, தொற்று, காலில் இரத்தம் உறைவது ஆகியவை நடக்கக்கூடிய சிக்கல்கள். பல வாரங்களுக்கு வலை இழுக்கவோ மூட்டை தூக்கவோ முடியாது. அந்தக் காலத்துக்கு வீட்டு வருமானத்துக்கு வழி செய்துவிட்டே நாள் குறியுங்கள்.

எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்கோ புத்தளம் வைத்தியசாலையின் கிளினிக்குக்கோ போங்கள். புண் வரும் ஒவ்வொரு தடவையும் கிளினிக் கொப்பியில் பதியச் சொல்லுங்கள். பிறகு மேலிடத்துக்கு அனுப்ப அந்தப் பதிவுதான் ஆதாரம். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருக்கிறது. வைத்தியரின் கடிதத்துடன் போக வேண்டும். ஆண் வைத்தியரிடம் காட்டக் கூச்சப்படும் பெண்கள், பெண் வைத்தியர் வரும் நாளைக் கேட்டறிந்து போகலாம். அல்லது முதலில் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் சொல்லலாம். கூச்சத்தில் மறைத்த புண் பெருத்த பிறகு, காட்டாமல் இருக்க முடியாது.

வீட்டாருக்கும் ஊராருக்கும்

உடல் எடையில் 5 முதல் 10 வீதம் குறைந்தாலே சீனியும் குருதி அமுக்கமும் சீர்படத் தொடங்கும். தோலைவிட இந்த லாபம் பெரிது. அதை ஈட்டியவரிடம் "கிழடு தட்டிட்டீங்களே" என்று சொல்லாதீர்கள். கண்ணாடியைப் பார்க்கவே வெறுப்பவர், வெளியே வர மறுப்பவர் வீட்டில் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எடை குறைத்தவர்களுக்கு: மடிப்பை உலர்வாக வையுங்கள்; மீனும் பருப்பும் சாப்பிடுங்கள்; தசையை வளருங்கள்; ஒரு வருடம் பொறுங்கள். அதற்குப் பிறகும் தோல் தொல்லை கொடுத்தால் சத்திரசிகிச்சை பற்றிப் பேசுங்கள். தோல் தொங்கும் என்ற பயத்தில் எடை குறைப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.