முளைகட்டிய கேழ்வரகில் பால் தயாரிக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களிலும், தாளவாடி, பர்கூர் போன்ற மலைப் பகுதிகளிலும் கேழ்வரகு நெடுங்காலமாகப் பயிராகி வருகிறது. களியாகவும் கூழாகவும் அடையாகவும் உண்ணப்படும் இத்தானியத்தை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, பாலாக்கிக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கமும் கிராமத்துத் தாய்மார்களிடம் உண்டு. 2023-ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியின் ஒரு பகுதிக்குப் பதிலாக ரேஷன் கடைகளில் கேழ்வரகு வழங்கும் திட்டமும் தொடங்கப்பட்டது. வீட்டில் விளையும் இந்தத் தானியத்தைப் பானமாகப் பயன்படுத்தும் சரியான முறையை அறிந்துகொள்வது நலம்.

அண்மைக் காலமாக நகரத்துக் கடைகளில் 'ஓட்ஸ் பால்' என்று சொல்லப்படும் பானம் அட்டைப் பெட்டிகளில் அடைத்து விற்கப்படுகிறது. சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழக விஞ்ஞானி ரிக்கார்ட் ஓஸ்டே 1990-களில் இதற்கான முறையை உருவாக்கினார். ஓட்ஸைத் தண்ணீரில் அரைத்து, நொதிப்பொருள் சேர்த்து, அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியை இனிப்புச் சத்தாக மாற்றுவதே அம்முறையின் சாரம். அதே வேலையைச் செய்யும் அமைலேஸ் என்னும் நொதிப்பொருளை முளைகட்டிய கேழ்வரகு தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. அதை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கெடுத்துவிடாமல் பயன்படுத்தத் தெரிந்தால் போதும்.

பால் ஏன் கூழாகிறது?

கேழ்வரகில் பெரும்பங்கு மாவுச்சத்தே உள்ளது. தண்ணீரில் கலந்து சூடேற்றினால் மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பிக் கெட்டிப்படுகிறது. சாதாரணக் கேழ்வரகுப் பால் அடுப்பில் வைத்த சிறிது நேரத்தில் கூழாகிவிடுவது இதனால்தான்.

தானியம் முளைக்கும்போது, இளஞ்செடிக்கு வேண்டிய உணவைத் தருவதற்காக அமைலேஸ் உண்டாகிறது. இது மாவுச்சத்தை உடைத்து, மால்டோஸ் போன்ற சர்க்கரைகளாக மாற்றுகிறது. அதனால் பால் நீர்த்து, வெல்லம் சேர்க்காமலேயே இலேசாக இனிக்கும். இந்த நொதிப்பொருள் வெதுவெதுப்பைவிடச் சற்று அதிகமான, ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும், கொதிநிலையில் அழிந்துவிடும். எனவே அரைத்த பாலைக் கொதிக்கும் தண்ணீரில் ஊற்றினால், முளைகட்டியதன் பலன் வேலை தொடங்குமுன்பே போய்விடுகிறது.

கடையில் விற்கும் ஓட்ஸ் அவல் ஆவியில் வேகவைத்துத் தட்டியது. அதனால் அதன் நொதிப்பொருள் முன்பே அழிந்துபோயிருக்கும். வீட்டில் அதை அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சினால் வழவழப்பாகிவிடுவது இக்காரணத்தால்தான். அவ்வாறு அரைத்த ஓட்ஸ் பாலிலும் முளைகட்டிய கேழ்வரகு மாவைச் சிறிது கலந்து, கீழே கூறும் முறைப்படி சூடேற்றினால் அது நீர்த்துவிடும்.

தானியம் தேர்வு செய்தல்

உணவுக்காக வைத்திருக்கும் தானியத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும். விதை நன்றாக முளைக்கும் என்பதற்காக, விதைப்புக்கென்று வாங்கிய விதையிலிருந்து ஒரு படி எடுத்து ஊறவைக்கலாகாது. பூசணக்கொல்லி கொண்டு விதைநேர்த்தி செய்த விதை நஞ்சாகும். எத்தனை முறை கழுவினாலும் அது உணவுக்கு உதவாது. பூச்சிமருந்துத் தூள் கலந்து சேமித்த தானியத்தையும் நீக்கிவிட வேண்டும்.

விதைக்குச் செய்வதுபோலவே முளைப்புத் திறனைச் சோதித்துக்கொள்ளலாம். 100 மணிகளை எண்ணி ஈரத்துணியில் மடித்து வைத்தால், இரண்டு மூன்று நாட்களில் 80-க்கு மேல் முளைக்க வேண்டும். முளைக்காத மணிகள் அதிகமானால் அவை ஈரத்தில் அழுகிப் பூசணம் பிடிக்கும். கோ 14, கோ 15, பையூர் 2 போன்ற இரகங்களாயினும் நாட்டு இரகங்களாயினும் நன்கு காய்ந்த, வண்டு துளைக்காத மணிகளே ஏற்றவை.

முளைகட்டும் முறை

1 லிட்டர் பாலுக்கு 100 கிராம் கேழ்வரகு போதும். கல், மண் போக அரித்து, கழுவிய நீர் தெளியும்வரை அலச வேண்டும். பின்னர் 12 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் புளிப்பு வாடை வராது.

ஊறியதைத் தண்ணீர் வடித்து, சுத்தமான பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் வைக்க வேண்டும். நாளொன்றுக்கு மூன்று முறை நல்ல தண்ணீர் தெளித்து வரவேண்டும். கோடையில் ஒன்று அல்லது ஒன்றரை நாளிலும், குளிர்காலத்தில் இரண்டு நாட்களிலும் முளை அரை சென்டிமீட்டர் நீளம் வரும். அதுவே சரியான பதம். மணிகள் பிசுபிசுத்தாலும், கெட்ட வாடை அடித்தாலும், கரும்பச்சையாகப் பூசணம் படிந்தாலும் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். கெட்ட மணிகளை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாகாது.

பால் எடுத்தல்

முளைகட்டிய தானியத்தை மீண்டும் ஒருமுறை அலசி, 300 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்த்து ஆட்டுக்கல்லிலோ மிக்ஸியிலோ நைய அரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். சக்கையுடன் மேலும் 200 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்த்து அரைத்து, இரண்டாம் பாலையும் எடுத்து முதற்பாலுடன் கலந்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ அரை லிட்டர் கெட்டிப்பால் கிடைக்கும்.

சக்கையை எறிந்துவிடக் கூடாது. கேழ்வரகிலுள்ள கால்சியத்தில் கணிசமான பகுதி மேல்தோலில்தான் இருக்கிறது. சக்கையைத் தோசை மாவிலோ அடை மாவிலோ அன்றே கலந்துவிடலாம். பெரியவர்களுக்குத் தயாரிக்கும்போது துணிக்குப் பதிலாகச் சற்றுப் பெரிய கண்ணுள்ள வடிகட்டியைப் பயன்படுத்தினால் சத்து வீணாவது குறையும்.

சூடேற்றும் பக்குவம்

இம்முறையில் முக்கியமான கட்டம் இதுவே. வெப்பமானி இல்லாத வீட்டிலும் இதை எளிதாகச் செய்யலாம். அரை லிட்டர் தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து இறக்கி, அதைக் கெட்டிப்பாலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளற வேண்டும். சம அளவு கொதிநீரும் சாதாரணச் சூட்டிலுள்ள பாலும் கலந்தால் வெப்பம் 60 முதல் 65 டிகிரிக்குள் நிற்கும். விரலை விட்டால் ஒரு நொடிக்கு மேல் பொறுக்க முடியாத சூடு இது.

பாத்திரத்தை மூடிக் கெட்டித் துணியால் சுற்றி 20 நிமிடம் வைக்க வேண்டும். மாவு அடியில் தங்காமல் இடையிடையே கிளறிவிட வேண்டும். பிறகு சிறு தீயில் வைத்து, அடி பிடிக்காமல் கிளறியபடி 10 நிமிடத்தில் மெதுவாகச் சூட்டை ஏற்ற வேண்டும். பால் முதலில் சற்றுக் கெட்டியாகும், பின்னர் நீர்த்துவிடும். அதன்பின் 5 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்க வேண்டும். முளைகட்டும்போது பெருகும் நுண்ணுயிர்களைக் கொல்ல இந்தக் கொதி இன்றியமையாதது. ஏலக்காய், சுக்கு, சிட்டிகை உப்பு ஆகியவற்றை விருப்பம்போல் சேர்க்கலாம்.

ஊட்டம் எவ்வளவு?

பால் என்று பெயர் இருப்பதனால் இதைப் பசும்பாலுக்குச் சமமாகக் கருதிவிடக் கூடாது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 7 கிராம் புரதமும் 350 மில்லிகிராம் கால்சியமும் உள்ளன. அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 10 மில்லிகிராம் கால்சியமே உள்ளது. ஆகவே தானியங்களுள் கேழ்வரகு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த 100 கிராமை 1 லிட்டராக நீர்க்கச் செய்கிறோம். சக்கையில் ஒன்றுமே போகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 1 லிட்டர் கேழ்வரகுப் பாலில் இருப்பது 7 கிராம் புரதமும் 350 மில்லிகிராம் கால்சியமும்தான். 1 லிட்டர் பசும்பாலிலோ சுமார் 32 கிராம் புரதமும் 1,200 மில்லிகிராம் கால்சியமும் உள்ளன.

எனவே கறவை மாடு வைத்திருப்போர், சொசைட்டிக்குப் பாலை முழுவதும் ஊற்றிவிட்டு, வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேழ்வரகுப் பால் போதும் என்று எண்ணுவது கணக்கில் பெரும் பிழையாகும். தேநீர், காபிக்குப் பதிலாகவும், பசும்பால் ஒவ்வாதவர்களுக்கும், வயலுக்குச் செல்வோருக்கும் இது நல்ல பானம். பாலாடைப் பருவம் கடந்த சிறுபிள்ளைகளுக்குப் பசும்பாலுடன் சேர்த்துக் கொடுக்கலாம். அதை நிறுத்திவிட்டுக் கொடுக்கலாகாது.

குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது

பிறந்தது முதல் 6 மாதம் முடியும்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு. அந்தப் பருவத்தில் கேழ்வரகுப் பாலைப் பாலாடையிலோ புட்டியிலோ புகட்டலாகாது. குழந்தையின் சிறு வயிறு நீர்த்த பானத்தால் நிறைந்துவிடும், தாய்ப்பால் குடிப்பது குறையும், எடையும் குறையும்.

6 மாதத்துக்குப் பின் தாய்ப்பாலுடன் இணை உணவு தொடங்கும்போது, வடிகட்டிய பாலைவிட முளைகட்டிய மாவில் காய்ச்சிய கஞ்சியே மேலானது. சாதாரண மாவில் காய்ச்சினால் கஞ்சி கெட்டியாகிறது. குழந்தை விழுங்குவதற்காகத் தாய் தண்ணீரை ஊற்றுகிறாள். தண்ணீர் கூடக்கூட உணவு குறைகிறது. முளைகட்டிய மாவு கெட்டிப்படாததால், அதே நெகிழ்ச்சியில் அதிக மாவைச் சேர்த்துக் காய்ச்சலாம். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷி, தேசிகாச்சார் ஆகிய விஞ்ஞானிகள் முளைகட்டிய கேழ்வரகையும் பச்சைப்பயற்றையும் சேர்த்து இத்தகைய குழந்தை உணவை உருவாக்கி 1982-இல் விவரித்துள்ளனர்.

இதை வீட்டிலேயே செய்யலாம். கேழ்வரகு 7 பங்கு, பச்சைப்பயறு 3 பங்கு எடுத்துத் தனித்தனியே முளைகட்டி, வெயிலில் சருகாகக் காயவைத்து, தேய்த்து முளைகளைப் புடைத்து நீக்க வேண்டும். பிறகு வாணலியில் கைபொறுக்கும் சூட்டில் இலேசாகப் புரட்டி அரைக்க வேண்டும். மணம் வரும்வரை சிவக்க வறுத்தால் நொதிப்பொருள் அழிந்து, மாவு சாதாரண மாவாகிவிடும். ஒரு பங்கு மாவை நான்கு பங்கு குளிர்ந்த நீரில் கரைத்து, சிறு தீயில் மெதுவாகச் சூடேற்றிக் கொதிக்கவைத்துக் கொடுக்கலாம். கேழ்வரகில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக்கூறைப் பயறு ஈடுசெய்கிறது. தானே இனிப்பதால் சர்க்கரை, வெல்லம் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை

காய்ச்சிய பாலை 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். கொதியில் சாகாத சில நுண்ணுயிர் வித்துகள், ஆறிய பாலில் மீண்டும் பெருகும். குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். புளித்த பாலை மீண்டும் கொதிக்கவைத்துக் கொடுக்கலாகாது.

நீரிழிவு நோயாளிகள் கேழ்வரகு எதுவாயினும் நல்லது என்று எண்ணி இப்பாலை அதிகமாகக் குடிக்கக் கூடாது. இதிலுள்ள மாவுச்சத்து முன்பே சர்க்கரையாக மாறியிருப்பதால், களியைவிட விரைவாக இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

விற்பனை செய்ய விரும்பும் மகளிர் குழுக்கள், விரைவில் கெடும் பாலைவிட, நன்கு காயவைத்த முளைகட்டிய மாவை விற்பதே நல்லது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, காற்றுப் புகாத பொட்டலங்களில் அடைத்து, தயாரித்த நாளைக் குறிப்பிட வேண்டும். தாவர பானங்களைப் 'பால்' என்று பெயரிட்டு விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் தடை விதித்ததையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு கிலோ கேழ்வரகில் 10 லிட்டர் பானம் கிடைக்கும். செலவு மிகக் குறைவு, முயற்சியும் பெரிதல்ல. விதைநேர்த்தி செய்யாத தானியம், சுத்தமான முளைப்பு, பதமான சூடு, இறுதியில் நல்ல கொதி ஆகிய நான்கையும் கடைப்பிடித்து, தாய்ப்பாலுக்கும் பசும்பாலுக்கும் உரிய இடத்தை அவற்றுக்கே விட்டுவைத்து, விவசாயப் பெருமக்கள் தம் வயலில் விளைந்த கேழ்வரகினால் குடும்பத்தின் நலம் பேணலாம்.