வாக்குச் சீட்டும் கைத்தொலைபேசியும்

கர்க்லாண்டில் 40ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எம்மவர்களுக்கு ஊர்ப் புதினமும் உலகப் புதினமும் கைத்தொலைபேசியில்தான் வருகின்றன. பத்திரிகை வாசிக்க நேரமில்லை. பிரெஞ்சுச் செய்தி முழுதாக விளங்குவதுமில்லை. யாரோ அனுப்பியதைப் பார்க்கிறோம், இன்னொருவருக்கு அனுப்புகிறோம். தேர்தல் காலத்திலும் இதே கதைதான். இந்தப் புதிய கருவிகள் ஜனநாயகத்தை வளர்க்கின்றனவா, கெடுக்கின்றனவா?

முதலில் வாக்கு எண்ணும் விடயத்தைப் பார்ப்போம். நாம் வேலை செய்யும் இந்த நகரமே வாக்குச் சீட்டால் மீண்டு வந்த நகரம். 2002 ஜனவரி 1இல் கர்க்லாண்ட் உட்பட மொன்றியல் தீவின் நகரசபைகள் யாவும் ஒரே மாநகரசபையாக இணைக்கப்பட்டன. 2004 ஜூன் 20இல் நடந்த வாக்கெடுப்பில் இங்குள்ள மக்கள் பிரிந்து போவதையே விரும்பினர். 2006 ஜனவரி 1இல் கர்க்லாண்ட் மறுபடியும் தனி நகரமானது.

இதற்கிடையில் 2005 நவம்பர் 6இல் நகரசபைத் தேர்தல்கள் நடைபெற்றன. மொன்றியல் உட்பட கியூபெக்கின் பல நகரங்களில் இலத்திரனியல் இயந்திரங்கள் பயன்படுத்தப்பட்டன. பல இடங்களில் அவை பழுதாகின. முடிவுகள் தாமதமாகின. மக்கள் மனதில் சந்தேகம் புகுந்தது. 2006இல் கியூபெக்கின் பிரதான தேர்தல் அதிகாரி இதைக் கடுமையாகக் குறை கூறி அறிக்கை வெளியிட்டார். இயந்திரப் பாவனை நிறுத்தி வைக்கப்பட்டது.

1981இல் யாழ்ப்பாணத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலின்போது வாக்குப் பெட்டிகள் காணாமற் போன கதையைப் பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாக்குப் போடுவது பாதி. அது சரியாக எண்ணப்பட்டதென்று தோற்றவனும் நம்புவது மற்றப் பாதி. கனடாவின் சமஷ்டித் தேர்தலில் பென்சிலால் போட்ட புள்ளடியைக் கட்சிப் பிரதிநிதிகளின் கண்முன்னே கையால் எண்ணுகிறார்கள். சந்தேகம் வந்தால் திரும்பவும் எண்ணலாம். கணனிக்குள் நடப்பதைச் சாதாரண மனிதர் எட்டிப் பார்க்க முடியுமா?

இரண்டாவது, செய்தி. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கூறிச் சிலர் சண்டைக்குப் போனார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத அங்கிருந்தவர், பயத்தில் 'ஓம்' என்பது போலப் பதில் சொன்னார். அந்த ஒளிப்பதிவு முகநூலில் பரவியது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது வெறும் மாக்கட்டி என்று பின்னர் அரச பரிசோதனையில் தெரிய வந்தது. ஆனால் அதற்கிடையில் மார்ச்சில் கண்டி திகனவில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் பற்றிப் பலர் முறையிட்டும் முகநூல் நிறுவனம் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை. 2020 மே மாதத்தில்தான் அது மன்னிப்புக் கேட்டது.

பிரெஞ்சு விளங்காமல் மேற்பார்வையாளருக்கு 'வுய்' என்று தலையாட்டிவிட்டு வருபவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அப்படி ஒரு தலையாட்டலை யாராவது படம்பிடித்து நாடெங்கும் பரப்பினால் நமது கதி என்ன?

அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டி விடலாமா? அதிலும் ஆபத்து உண்டு. 2018 மார்ச்சில் இலங்கை அரசு முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றைத் தடுத்தது. வன்முறையை அடக்கவே என்றார்கள். 2022 ஏப்ரல் 3இலும் அதே பூட்டு விழுந்தது. அப்போது வீதியில் நின்றவர்கள் எரிவாயுவும் மின்சாரமும் இன்றித் தவித்து, ஆட்சியாளரை வீட்டுக்குப் போகச் சொன்ன பொதுமக்கள். அவர்களை ஒன்றுசேர்த்ததும் இதே தொலைபேசிதான். ஒரு நாளுக்குள் தடை நீங்கியது. ஜூலையில் ஜனாதிபதியே நாட்டை விட்டு ஓடினார். 2024 ஜனவரியில் இணையவழிப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எது பொய்ச் செய்தி என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஓர் ஆணைக்குழுவின் கையில் கொடுத்தது.

அரசு மட்டும்தான் பூட்டுப் போடும் என்றும் நினைக்க வேண்டாம். செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் கனடாவில் வந்தபோது, முகநூலை நடத்தும் மெற்றா நிறுவனம் 2023 ஆகஸ்ட் 1இல் முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் செய்திகளைத் தடுக்கத் தொடங்கியது. அதே மாதம் வடக்கே யெலோநைஃப் நகர மக்கள் காட்டுத்தீக்குப் பயந்து ஊரை விட்டு வெளியேறினார்கள். அந்த நேரத்திலும் உள்ளூர்ப் பத்திரிகைச் செய்தியை அவர்கள் முகநூலில் பகிர முடியவில்லை. உண்மைச் செய்திக்குக் கதவு மூடியது, வதந்திக்கு மூடவில்லை.

ஆகவே நாம் செய்யக் கூடியதைச் செய்வோம். ஒரு செய்தி வந்தால் யார் சொன்னது, எப்போது, எங்கே என்று கேட்போம். பதில் இல்லையென்றால் அனுப்பாமல் விடுவோம். பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்த பிள்ளைகளிடம் உள்ளூர்ப் பத்திரிகையை வாசித்துச் சொல்லக் கேட்போம். அயலில் உள்ள முதியவர்களுக்கும் அதை எடுத்துச் சொல்வோம். நகரசபைக் கூட்டத்தில் ஒரு நாளாவது போய் அமர்ந்து பார்ப்போம். குடியுரிமை கிடைத்தவர்கள் தேர்தல் நாளில் வேலையைக் காரணம் காட்டாமல் போய்ப் புள்ளடி இடுவோம்.

ஊரில் பறிகொடுத்த உரிமை இங்கே ஒரு பென்சில் வடிவில் கைக்கு வந்திருக்கிறது. அதை யாரோ அனுப்பிய வதந்திக்கு அடகு வைக்கலாமா?