விடுமுறைப் பையில் ஒரு தமிழ்ப் புத்தகம்

சென்ற ஆண்டு நவம்பரில் என் மாமா மகள் சாதாரண நிலைத் தேர்வை எழுதி முடித்தாள். உயர்தமிழ் எடுத்தவள், பள்ளியில் கட்டுரைப் போட்டி என்றால் அவள் பெயர்தான் முதலில் வரும். “லீவுல படிக்க ஏதாவது கொடுங்கக்கா” என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. என் அலமாரியில் இருந்த ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் ஒரு பையில் போட்டு, ஈசூனில் உள்ள அவள் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

பொங்கலன்று அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது அந்தப் பை நான் வைத்த இடத்திலேயே இருந்தது. முதல் பாகத்தின் அறுபதாம் பக்கத்தில் ஒரு பேரங்காடி ரசீது செருகியிருந்தது.

“நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா அந்த அஞ்சு புக்கையும் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஹோம்வொர்க் பாக்கி இருக்கிற மாதிரியே தோணுச்சு” என்றாள் தயங்கித் தயங்கி.

தவறு கல்கியின் மீது இல்லை. அவள் மீதும் இல்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வெளிவந்த தொடர். அக்கால வாசகர்கள் ஓர் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் படித்த கதையை ஆறே வாரத்தில் முடிக்கும்படி ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் மேசையில் நான் அடுக்கி வைத்துவிட்டேன். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

இந்த விடுமுறை ஏன் முக்கியம்?

நம்மில் பலருக்கு ஆண்டிறுதி விடுமுறை என்றால் மழை, பகுதிநேர வேலை, உறவினர் வீட்டுத் திருமணம், சில நாள் வெளிநாட்டுப் பயணம். இவற்றுக்கு நடுவே புத்தகத்துக்கும், அதிலும் தமிழ்ப் புத்தகத்துக்கும் இடம் கிடைப்பது கடினம்தான்.

ஆனால் உயர்நிலை நான்கை முடிக்கும் மாணவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். உயர்தமிழில் தேர்ச்சி பெற்றவர்கள் தொடக்கக் கல்லூரியில் தமிழ்ப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதாவது, தமிழை நன்றாகப் படித்தவர்களே தமிழ் வகுப்பிலிருந்து முதலில் வெளியேறுகிறார்கள். அதன் பிறகு, “இதைப் படி” என்று தமிழில் ஒரு நூலை யாரும் நீட்டப்போவதில்லை. கடைசித் தாளை எழுதி முடித்த அன்று மூடிய பாடநூலே ஒருவர் வாழ்க்கையில் திறந்த கடைசித் தமிழ்ப் புத்தகமாக இருந்துவிடலாம்.

அதனால்தான் தேர்வுக்குப் பின் வரும் இந்த ஆறு வாரம் முக்கியமானது. மதிப்பெண்ணுக்காக இல்லாமல் தமிழில் நாமே தேர்ந்தெடுத்துப் படிக்கும் முதல் புத்தகம் இந்த விடுமுறையில் அமையலாம். அது பிடித்துப்போனால் இரண்டாவது புத்தகம் வரும். பிடிக்காமல் போனால், “தமிழ்ப் புத்தகம் நமக்குச் சரிப்படாது” என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடுவோம். என் மாமா மகளை நான் கிட்டத்தட்ட அந்த முடிவுக்குத் தள்ளியிருந்தேன்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில், நீங்கள் எதைப் பார்த்து ரசிக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். துப்பறியும் தொடரா, வரலாற்றுப் படமா, விலங்குகள் பற்றிய காணொளியா? கண்ணுக்குப் பிடித்தது பெரும்பாலும் வாசிக்கவும் பிடிக்கும். “இலக்கியம் என்றால் இதைத்தான் படிக்க வேண்டும்” என்ற எண்ணத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்கலாம்.

அடுத்து, பக்கங்களைக் கணக்குப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்றால் 42 நாளில் 420 பக்கம். இரண்டு சிறிய நாவல்களும் ஒரு சிறுகதைத் தொகுப்பும் அதில் அடங்கும். நெடுநாள் ஓடாதவர் எடுத்த எடுப்பில் மாரத்தான் ஓடமாட்டார். வாசிப்பும் அப்படித்தான். முதல் புத்தகம் இருநூறு பக்கத்துக்குள் இருப்பது நல்லது.

பிறகு, நூலகத்தில் நின்றபடியே முதல் பக்கத்தையும் நடுவில் ஒரு பக்கத்தையும் படித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஐந்துக்கு மேற்பட்ட சொற்கள் உங்களைத் தடுத்து நிறுத்தினால் அந்த நூலை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். முப்பது பக்கம் படித்தும் மனம் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் மூடிவிடுங்கள். பாதியில் விட்ட புத்தகத்துக்காக யாரும் உங்கள் மதிப்பெண்ணைக் குறைக்கப்போவதில்லை.

நூலக விதிகளும் இதற்குத் தோதாகவே இருக்கின்றன. தேசிய நூலக வாரிய உறுப்பினர் ஒரே சமயத்தில் 16 நூல்கள் வரை இரவல் பெறலாம். இரவல் காலம் 21 நாள். வேறு யாரும் முன்பதிவு செய்யாவிட்டால் இன்னொரு முறை நீட்டித்துக்கொள்ளலாம். இரண்டையும் கூட்டினால் சரியாக ஆறு வாரம். ஆகவே, ஐந்தாறு நூல்களை அள்ளி வந்து, அவற்றில் ஒன்று ஒட்டிக்கொண்டாலும் இலாபமே.

சில பரிந்துரைகள்

திரைப்படம் பிடிக்கும் என்றால், பூமணியின் ‘வெக்கை’. 1982இல் வெளிவந்த இந்த நாவலைத் தழுவியே 2019இல் ‘அசுரன்’ படம் எடுக்கப்பட்டது. தன் அண்ணனின் சாவுக்குக் காரணமானவனைப் பழிதீர்த்துவிட்டு, தந்தையோடு எட்டு நாள் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் பதினைந்து வயதுச் சிறுவனின் கதை. படத்தில் தனுஷ் ஏற்ற தந்தை பாத்திரமே மையம். நாவலில் எல்லாவற்றையும் அந்தச் சிறுவனோடு சேர்ந்தே பார்க்கிறோம். கரிசல் வட்டாரப் பேச்சுவழக்கு நமக்கு முதலில் சிரமமாக இருக்கும். உரையாடல்களை வாய்விட்டுப் படித்தால் விரைவில் பிடிபடும்.

ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்றால், சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. நூறு பக்கம்கூட இல்லாத குறுநாவல். தன் தந்தையைக் கொன்ற காளையை அடக்க ஓர் இளைஞன் ஜல்லிக்கட்டுக் களத்தில் காத்து நிற்கிறான். ஒரு நாள் பிற்பகலில் நடக்கும் கதை. விளையாட்டுப் போட்டியின் கடைசி நிமிடங்களைப் பார்க்கும் படபடப்பு கடைசிப் பக்கம்வரை குறையாது.

விலங்குகளையும் காட்டையும் நேசிப்பவர்களுக்கு, ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’. யானைகளுக்காகவே வாழ்ந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்னும் உண்மையான கால்நடை மருத்துவரைப் பற்றிய நீண்ட சிறுகதை இது. சுற்றுலாப் பயணிகள் உடைத்துப்போடும் மதுப்புட்டி ஒன்று யானையை என்ன செய்யும் என்று படித்தவர்கள், அடுத்த முறை மெக்ரிட்சியில் நடக்கும்போது தங்கள் குப்பையைத் தாங்களே எடுத்து வருவார்கள்.

பல்கலைக்கழக மாணவர்களுக்கு, அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. 1977இல் வெளிவந்தது. நாயகன் சந்திரசேகரன் செகந்தராபாத்தில் வாழும் கல்லூரி மாணவன்; கிரிக்கெட் பைத்தியம். இந்தியா விடுதலை பெற்ற பிறகு ஹைதராபாத் சமஸ்தானம் கொந்தளித்த காலத்தில், நேற்றுவரை சாதாரணமாக இருந்த அக்கம்பக்கம் எப்படி மாறுகிறது என்பதை ஓர் இளையரின் கண்ணால் காட்டும் நாவல் இது.

நம் ஊர்க் கதை வேண்டும் என்றால், மா. இளங்கண்ணனின் ‘வைகறைப் பூக்கள்’. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தைப் பின்னணியாகக் கொண்ட நாவல்; ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. இளங்கண்ணன் 2005இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். இதே போர்க்காலத்தை மேடானிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பார்க்க விரும்புபவர்கள், பிறகு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’க்குச் செல்லலாம். 1972இல் வெளிவந்த அந்த நாவல் கனமானது; இரண்டு மூன்று தமிழ் நூல்களைப் படித்துப் பழகியபின் எடுப்பது நல்லது. அச்சு நூல் கைக்குக் கிடைக்காதபோது, நாட்டின் பொன்விழாவை ஒட்டி 2015இல் மின்னாக்கம் செய்யப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

நண்பருக்குச் சொல்வது எப்படி?

பரிந்துரைப்பதிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. “கட்டாயம் படிக்கணும்” என்று சொல்லும்போது, கேட்பவருக்கு ஒரு கடமையைக் கொடுத்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக மூன்று செய்திகளைச் சொன்னால் போதும்: கதை என்ன, அது இவருக்கு ஏன் பிடிக்கும், எந்த இடம் கடினம். மூன்றாவதை மறைக்க வேண்டாம். கடினமான இடத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அங்கே தடுமாறும்போது குறை தன் தமிழில்தான் என்று அவர் நினைக்கமாட்டார்.

பொங்கல் முடிந்த வாரத்தில் என் மாமா மகளுக்கு நான் அனுப்பிய செய்தி இதுதான்: “15 வயசுப் பையன். எடுத்த எடுப்பிலேயே ஒரு கொலை. உனக்குத்தான் க்ரைம் சீரிஸ் பிடிக்குமே! பேச்சுவழக்கு மட்டும் முதல்ல கஷ்டமா இருக்கும். பத்துப் பக்கம் பொறுத்துக்க. பிடிக்கலன்னா திருப்பிக் கொடுத்துடு, நான் கோவிச்சுக்கமாட்டேன்.”

பேச்சுவழக்கில் அவள் சிக்கிக்கொண்டது உண்மை. முதல் சில பக்கங்களை நானே வாசித்துக் குரல்பதிவாக அனுப்பினேன். அடுத்த பகுதியை அவளே வாசித்து எனக்கு அனுப்பினாள். அதற்கு மேல் பதிவு ஏதும் வரவில்லை. கதை அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முடித்ததும் தொலைபேசியில் அழைத்தாள். “அந்த அப்பா இடத்துல எங்கப்பா இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பாருக்கா?” என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசினோம். அந்த நேரத்தில் நாங்கள் ஆங்கிலத்துக்கு மாறவே இல்லை என்பதைத் தொலைபேசியை வைத்த பிறகுதான் கவனித்தேன்.

அவள் இப்போது தொடக்கக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். உயர்தமிழில் தேறிவிட்டதால் அவளுக்குத் தமிழ் வகுப்பு இல்லை. சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது, ‘பொன்னியின் செல்வன்’ பாகங்கள் இரண்டு முதல் ஐந்து வரை நானே எடுத்துவந்துவிட்டேன். முதல் பாகம் மட்டும் இருக்கட்டும் என்று அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

ரசீது இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.