50 ஆண்டு வாழ்ந்ததற்கு அத்தாட்சி எங்கே?

பவுலெட் வில்சன் ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது 1968-ல், சிறுமியாக. படிப்பு, வேலை, மகள், பேத்தி எல்லாம் அங்கேதான். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சமையலறையில்கூட வேலை பார்த்தவர். 34 ஆண்டுகள் தேசியக் காப்பீட்டுச் சந்தா கட்டியவர். 2015-ல் அவருக்கு வந்த அரசுக் கடிதம், நீங்கள் இந்த நாட்டில் சட்டவிரோதமாகத் தங்கியிருக்கிறீர்கள் என்றது. உதவித்தொகை நின்றது. 2017 அக்டோபரில் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் யார்ல்ஸ் வுட் தடுப்பு மையத்தில் ஒரு வாரம் அடைத்தார்கள். பிறகு நாடு கடத்துவதற்காக ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டிய மையத்துக்கு மாற்றினார்கள். தொகுதி எம்.பி.யும் வுல்வர்ஹாம்ப்டனில் உள்ள அகதிகள் உதவி மையமும் கடைசி நேரத்தில் தலையிட்டதால் விமானம் ஏறாமல் தப்பினார். வந்த நாளிலிருந்து அதுவரை ஒரு தடவைகூட ஜமைக்காவுக்குத் திரும்பிப் போகாதவர் அவர்.

அவர் மேல் யாரும் எந்தக் குற்றமும் சொல்லவில்லை. அவர் அங்கே வாழ உரிமை உள்ளவர் என்பதைக் காட்டும் தாள் அவரிடம் இல்லை, அவ்வளவுதான். அப்படி ஒரு தாளை அவருக்கு யாரும் கொடுத்ததும் இல்லை.

பிரிட்டிஷ் சட்டத்தில் ‘ரைட் ஆஃப் அபோட்’ எனப்படும் வசிப்புரிமை உண்டு. விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த உரிமை உள்ளவர்களை எந்தக் குடியேற்றக் கட்டுப்பாடும் தொடாது. எப்போதும் வரலாம், போகலாம், எவ்வளவு காலமும் இருக்கலாம், எந்த வேலையும் பார்க்கலாம். எத்தனை ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தாலும் உரிமை அழியாது. நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களின் நிலை வேறு. அவர்கள் 2 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்துவிட்டால் அந்த அனுமதி போய்விடும். தாயின் கடைசி நாட்களுக்காகக் கரீபியத் தீவுகளுக்குப் போய், திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

வசிப்புரிமையை வகுத்தது 1971-ம் ஆண்டின் குடியேற்றச் சட்டம். 1973 ஜனவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. உரிமையைக் கொடுத்த அதே சட்டத்தின் 3-ம் பிரிவில் 8-வது உட்பிரிவு ஒன்று இருக்கிறது. தனக்கு விலக்கு உண்டு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது அது. அடுத்த உட்பிரிவு, நாட்டுக்குள் நுழையும்போது எதைக் காட்டி நிரூபிக்க வேண்டும் என்கிறது: பாஸ்போர்ட், அல்லது உரிமைச் சான்றிதழ். இந்த இரண்டு உட்பிரிவுகள்தான் பின்னாளில் ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கையைக் குலைத்தன என்பது என் எண்ணம்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1948 ஜூன் 22 அன்று எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பல் லண்டனுக்கு அருகிலுள்ள டில்பரி துறைமுகத்தில் ஆட்களை இறக்கியது. ஆயிரத்துச் சொச்சம் பயணிகள். பெரும்பாலோர் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். போரில் சிதைந்த பிரிட்டனுக்கு வேலையாட்கள் தேவைப்பட்ட காலம் அது. அந்த ஆண்டு நிறைவேறிய பிரிட்டிஷ் தேசியச் சட்டம் பிரிட்டனிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் பிறந்தவர்களை ஒரே குடிமக்களாக்கியது. வந்தவர்கள் அந்நியர்களாக வரவில்லை. பெற்றோரின் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்க்கப்பட்டு வந்த குழந்தைகளுக்குத் தனிப் பாஸ்போர்ட்கூடக் கிடையாது.

பிறகு கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்பட்டது. முதலில் 1962-ம் ஆண்டுச் சட்டம். அடுத்தது 1968-ல், கென்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த இந்திய வம்சாவளியினரைத் தடுக்க மூன்றே நாளில் நாடாளுமன்றத்தைக் கடந்த சட்டம். கடைசியாக 1971. அந்தச் சட்டம் காமன்வெல்த் நாடுகளின் குடிமக்களில் யாருக்கு வசிப்புரிமை என்று பிரித்த விதத்தைப் பாருங்கள்: தாயோ தந்தையோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருந்த ஏராளமான குடும்பங்களுக்கு இது பொருந்தியது. ஜமைக்காவில், பார்படாஸில், இந்தியாவில் எத்தனை பேருக்குப் பொருந்தும்? சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்கு அவசியமே வரவில்லை.

இந்த வழியில் உரிமை கோரும் ஆஸ்திரேலியர் ஒருவர் இன்று என்னென்ன காட்ட வேண்டும்? தன் முழுப் பிறப்புச் சான்றிதழ். பிரிட்டனில் பிறந்த தாய் அல்லது தந்தையின் பிறப்புச் சான்றிதழ். தந்தை வழி என்றால் பெற்றோரின் திருமணச் சான்றிதழும் வேண்டும். இவை போக, 1982 இறுதியில் தான் காமன்வெல்த் குடிமகனாக இருந்ததற்கும், அதன்பின் அது இடையில் அறுபடவில்லை என்பதற்கும் ஆதாரம். அப்போது பாகிஸ்தானும் தென்னாப்பிரிக்காவும் காமன்வெல்த்தில் இல்லாததால் அந்நாட்டவர் இந்த வழியில் கேட்கவே முடியாது. எல்லாம் சரியாக இருந்தால் பல நூறு பவுண்டு கட்டணத்துக்குப் பிறகு உரிமைச் சான்றிதழ் கிடைக்கும். சிரமம்தான். ஆனாலும் பிறப்பும் திருமணமும் எங்கோ ஒரு பதிவேட்டில் இருக்கும், தேடினால் கிடைத்துவிடும்.

அந்தக் கப்பலின் பெயரால் அழைக்கப்படும் விண்ட்ரஷ் தலைமுறையின் நிலைமை அப்படி இல்லை. 1973-க்கு முன்பே பிரிட்டனில் குடியமர்ந்திருந்தவர்களில் சிலருக்கு வசிப்புரிமை இருந்தது; தாய்நாடு விடுதலை பெற்றதால் அந்நாட்டுக் குடிமக்களாகிவிட்ட மற்றவர்களுக்கு, காலவரையின்றித் தங்கும் அனுமதி சட்டத்தின் வழியே தானாகக் கிடைத்தது. தானாகக் கிடைத்ததாலேயே யாருக்கும் ஒரு துண்டுச் சீட்டும் வழங்கப்படவில்லை. பெயர்ப் பட்டியலும் எடுக்கப்படவில்லை. 1987 இறுதிவரை குடியுரிமைக்குப் பதிவுசெய்ய வாய்ப்பு இருந்தது. பதிவுசெய்யாவிட்டாலும் உங்கள் உரிமை எதுவும் போகாது என்று அரசே அப்போது உறுதி சொன்னது. அதை நம்பியவர்கள்தான் பின்னால் அகப்பட்டார்கள்.

தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது 2012-ல் ‘பகைச் சூழல்’ கொள்கையை அறிவித்தார். 2014, 2016 சட்டங்கள் அதற்கு உருக்கொடுத்தன. வீட்டுக்காரர், வங்கி ஊழியர், முதலாளி, மருத்துவமனை என ஆளாளுக்குக் குடியேற்ற அதிகாரி ஆக்கப்பட்டார்கள். அதுவரை ஒருவரும் கேட்டிராத தாளை எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். உள்துறையோ, ஒவ்வொரு ஆண்டும் இங்கேதான் இருந்தீர்கள் என்பதற்கு ஆண்டுக்கு ஆண்டு ஆவணம் கொண்டுவாருங்கள் என்றது. 1970-களின் சம்பளச் சீட்டை யார் வைத்திருப்பார்கள்? வங்கிகளே சில ஆண்டுகளில் பழைய கணக்கைக் கழித்துவிடுகின்றன. படித்த பள்ளி மூடப்பட்டிருக்கும். வேலை பார்த்த தொழிற்சாலை இடிக்கப்பட்டிருக்கும்.

இன்னொன்றைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்தக் காலத்தில் வந்திறங்கியவர்களின் தரையிறங்கு அட்டைகள் உள்துறையிடமே இருந்தன. யார், எந்தத் தேதியில், எந்தக் கப்பலில் வந்தார் என்ற விவரம் அவற்றில் இருந்தது. 2010-ல் உள்துறையே அவற்றை அழித்துவிட்டது. தன் கையில் இருந்த சாட்சியை அழித்துவிட்டு, எதிரே நிற்கும் முதியவரிடம் சாட்சி எங்கே என்று கேட்டது அரசு. அந்த முதியவர்கள் வரி கட்டிய கணக்கும் காப்பீட்டுச் சந்தா கட்டிய கணக்கும் வேறு அரசுத் துறைகளில் அப்படியே இருந்தன. அங்கே ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை.

இலங்கை மலையகத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. விண்ட்ரஷ் கப்பல் டில்பரிக்கு வந்த அதே 1948-ல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். தேயிலைத் தோட்ட லயன் அறைகளில் பிறந்து இறந்த இந்திய வம்சாவளித் தமிழர்களுக்கு ஏது பதிவு? ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்க 2003 வரை சட்டங்கள் தேவைப்பட்டன. பிரிட்டனில் நடந்தது அளவில் சிறியது. ஆனால் இரண்டு இடத்திலும், பதிவு வைத்திருக்க வேண்டிய தரப்பு பதிவில்லாதவரைத் தண்டித்தது.

கார்டியன் பத்திரிகையில் அமீலியா ஜென்டில்மேன் ஒவ்வொருவர் கதையாக வெளிக்கொண்டுவந்த பிறகே நிலைமை மாறியது. 2018 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். தனி அதிகாரிகள் குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு வரித்துறைப் பதிவுகளைத் தானே தேடிப் பார்த்தது. பல வருடம் முடியாமல் இருந்த விஷயம் சில வாரங்களில் முடிந்தது. முன்பே செய்திருக்க முடியும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? இந்த விவகாரத்தை ஆராய்ந்து 2020-ல் அறிக்கை தந்த வெண்டி வில்லியம்ஸும் இந்தப் பாதிப்பு முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடியது, தவிர்த்திருக்கக்கூடியது என்றார். அவர் தந்த 30 பரிந்துரைகளில் மூன்றை 2023-ல் அரசு கைவிட்டது; அவற்றில் இரண்டைக் கைவிட்டது சட்டவிரோதம் என 2024-ல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ல் தொடங்கிய இழப்பீட்டுத் திட்டத்திலும் மறுபடி ஆவணம், மறுபடி நிரூபணம். காத்திருந்தே இறந்துபோனவர்கள் 50-க்கும் மேல். பவுலெட் வில்சன் 2020 ஜூலையில், 64 வயதில் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவை டவுனிங் தெருவில் நேரில் கொடுத்திருந்தார்.

இதே ஆபத்து இன்றும் இருக்கிறது. பிரெக்ஸிட்டுக்கு முன் பிரான்ஸிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் லண்டன் பக்கம் குடிபெயர்ந்த ஈழத் தமிழர் குடும்பங்களின் தங்கும் அனுமதி இப்போது அரசின் கணினியில் மட்டும் இருக்கிறது. கையில் அட்டை கிடையாது. வேலைக்கோ வீட்டுக்கோ போகும்போது இணையத்தில் ஒரு குறியீடு எடுத்துக் காட்ட வேண்டும். கணினி பதில் சொல்லாத நாளில் அவர்கள் நிலை என்ன என்ற கவலை நியாயமானது. பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று அங்குள்ள உறவினர்களுக்குச் சொல்லிவைக்கலாம். ஆனால் அந்தப் பொறுப்பு அவர்களுடையதாக மட்டும் இருக்கக் கூடாது. 1971 சட்டத்தின் அந்த 8-வது உட்பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் உரிமையை மறுக்கும் முன் வரித்துறை, காப்பீடு, பள்ளி, மருத்துவம் என அரசின் கைவசமுள்ள எல்லாப் பதிவுகளையும் அரசே தேட வேண்டும், தேடியதை எழுத்தில் காட்ட வேண்டும் என்று அந்த உட்பிரிவைத் திருத்த ஒரு சிறிய மசோதா போதும். அதைக் கொண்டுவர நாடாளுமன்றத்துக்கு எந்தத் தடையும் இல்லை.