வராத படைக்கு ஒரு போர்

கோவை கோட்டைமேட்டில் இன்று கோட்டை இல்லை, பெயர்தான் மிச்சம். 1790 ஜூலையில் ஆங்கிலேயத் தளபதி மெடோஸ் பிடித்த ஊர், 1791 நவம்பரில் மைசூர் மன்னர் திப்புவின் படையிடம் திரும்பியது. 1799-ல் மறுபடி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அந்தக் கடைசிக் கைமாற்றம் நான்காம் மைசூர்ப் போரின் விளைவு. ‘நாளைக்கு அவன் அடிப்பான், இன்றைக்கே நாம் அடித்துவிடுவோம்’ என்ற கணக்கில் நடந்த போர் அது.

திப்புவின் தூதர்கள் மொரீஷியஸ் போய் ரகசியமாகப் பிரெஞ்சு உதவி கேட்டார்கள். அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் மலார்ட்டிக், 1798 ஜனவரி 30 அன்று ஊரறிய அறிக்கை போட்டு ஆள் திரட்டினார். இதைவிட மோசமாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற முடியாது! கடைசியில் மங்களூரில் வந்து இறங்கியவர்கள் சுமார் நூறு பேர். ஆனால் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த வெல்லெஸ்லிக்கு அந்த அறிக்கையே போதுமாக இருந்தது. நெப்போலியன் எகிப்தில் இறங்கியதும் அவர் வாதம் இன்னும் வலுத்தது.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். 1798 ஆகஸ்ட் 1 அன்று நைல் நதி முகத்துவாரத்தருகே பிரெஞ்சுக் கப்பற்படையை நெல்சன் நொறுக்கினார். செய்தி அக்டோபர் கடைசியில் கல்கத்தாவை எட்டியது. நவம்பர் 4 அன்று வெல்லெஸ்லியே திப்புவுக்குக் கடிதம் எழுதி அந்த வெற்றியைத் தெரிவித்தார். அபாயம் சுருங்கிவிட்டது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் 1799 பிப்ரவரியில் படை வேலூரிலிருந்து கிளம்பியது. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது, நெப்போலியன் பாலஸ்தீனத்து ஏக்கர் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

ஏன் நிற்கவில்லை? 1995-ல் ஜேம்ஸ் ஃபியரன் என்ற அரசியல் அறிஞர் தந்த விளக்கம் இங்கே பொருந்துகிறது. பலம் கூடிவரும் நாடு ‘பலம் வந்த பிறகும் உன்னைத் தொடமாட்டேன்’ என்று சத்தியம் செய்யலாம். அதை மீறினால் கேட்க ஆளில்லை. அதனால் இன்று கை ஓங்கியிருப்பவனுக்கு இன்றே முடிப்பது லாபமாகப் படுகிறது. நைல் செய்தி வெல்லெஸ்லியின் பயத்தைக் குறைத்தது, வாய்ப்பைக் கூட்டியது. பயத்தின் பேரில் தொடங்கிய ஏற்பாடு வாய்ப்பின் பேரில் தொடர்ந்தது என்றே எனக்குப் படுகிறது.

அடிக்க ஓங்கிய கையைத் தடுப்பதைச் சர்வதேசச் சட்டம் ஓரளவு ஏற்கிறது. 1837-ல் கரோலைன் என்ற அமெரிக்கக் கப்பலைப் பிரிட்டிஷார் எரித்தார்கள். அதையொட்டி அமெரிக்க அமைச்சர் வெப்ஸ்டர், யோசிக்கவே நேரமில்லாத உடனடி ஆபத்தாக இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டினார். ஐ.நா. சாசனத்தின் 51-வது பிரிவு, ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காப்பு உரிமை உண்டு என்கிறது. என்றோ வளரப்போகும் எதிரியை இன்றே அழிக்கும் தடுப்புப் போருக்கு இரண்டிலும் இடமில்லை.

பலனும் கேள்விக்குரியதுதான். 1981-ல் இஸ்ரேல் இராக்கின் ஒசிராக் அணு உலையைத் தகர்த்தது. சதாம் உசேன் அதன் பிறகுதான் ரகசிய அணுகுண்டுத் திட்டத்தில் பணத்தையும் ஆட்களையும் கொட்டினார். 2003-ல் அமெரிக்கா படையெடுத்துப் போய்த் தேடிய பேரழிவு ஆயுதக் குவியல் அகப்படவே இல்லை. கொங்கிலும் கம்பெனிக்கு நிம்மதி கிடைக்கவில்லை. 1800 ஜூனில் பாளையக்காரர்கள் கோவைக் கோட்டையையே தாக்கத் திட்டமிட்டார்கள். கம்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட 1805 வரை ஆனது.

வெல்லெஸ்லிக்குத் திப்புவின் நோக்கம் அச்சிட்ட தாளிலேயே கிடைத்தது, பிரெஞ்சுப் படைதான் வரவில்லை. இன்று நிலைமை தலைகீழ். ஈரானின் அணு நிலையங்களைச் செயற்கைக்கோள் படம் பிடிக்கிறது. உள்ளே இருப்பவர்களின் நோக்கம் படத்தில் விழாது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் அங்கே குண்டு போட்டன. இனி அந்த நோக்கத்தையும் கணினியே ஊகித்து, ஆபத்துக்கு வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று சொல்லக்கூடும். எத்தனை சதவீதம் என்றால் தாக்கலாம் என்பதற்கு ஐ.நா. சாசனத்தில் பதில் இல்லை.