காவல் நாயும் அதனைக் காப்போர் கடமையும்

மாந்தர் பழக்கி வளர்த்த விலங்குகளுள் நாயே மிகப் பழமையானது. சங்கப் புலவர் அதனை ஞமலி என்றும் ஞாளி என்றும் வழங்கினர். நாலடியார் யானையை விலக்கி நாயையே நல்ல நட்பிற்கு உவமையாக எடுத்துக் கொண்டது. இத்துணைச் சிறப்பிருந்தும், ஒருவரை இகழ வேண்டின் 'நாயே' என்று விளிப்பது நம் வழக்கமாயிற்று. இஃது எத்துணை நன்றிகெட்ட வழக்கம் என்பதை ஒரு கல் நமக்குக் கூறும்.

பல்லாவரத்துக் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகையொன்று உண்டு. அதில் அவனுடைய விருதுப் பெயர்கள் பல பொறிக்கப்பெற்றுள்ளன. அவ்வரசனுடைய 34ஆம் ஆட்சியாண்டில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. கருந்தேவகத்தி என்னும் வீரன் பட்ட செய்தியோடு, கோவிவன் என்னும் அவன் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் அக்கல்லில் உள்ளது. அரசன் தன் விருதுகளைப் பொறித்த காலத்தில், அவன் நாட்டு ஊரார் ஒரு நாயின் பெயரைப் பொறித்தனர். அவர்தம் நன்றியறிவு போற்றத்தக்கது அன்றோ!

இக்காலத்துப் பல்லாவரத்திலும் காவல் நாயை விரும்புவோர் பலர். வீட்டார் அனைவரும் காலையில் அலுவலுக்கும் பள்ளிக்கும் சென்றுவிடின், பூட்டிய வீட்டிற்கு ஒரு துணை வேண்டும் என்று கருதுகின்றனர். வெள்ளிக்கிழமைச் சந்தையில் செடிகளோடும் பழம்பொருள்களோடும் வளர்ப்புப் பிராணிகளும் விற்கப்படுகின்றன. கைக்குள் அடங்கும் குட்டியின் அழகில் மயங்குவோர், ஓராண்டில் அஃது எவ்வளவு வளரும் என்று எண்ணுவதில்லை. பிறந்து எட்டு வாரம் நிரம்பாத குட்டியைத் தாயினின்று பிரித்தல் ஆகாது. தாயைக் கண்டு, அதன் குணத்தையும் அறிந்து வாங்குதலே முறை.

இனத்தைத் தேர்தலிலும் அறிவு வேண்டும். பனிநாட்டிற்குரிய அடர்ந்த மயிருடைய நாயைச் சித்திரை வெயிலில் வளர்ப்பது அதற்குத் துன்பமே. மனிதரைப் போல் நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தே அது வெப்பத்தைத் தணித்துக் கொள்ளும். நம் நாட்டிலோ இராசபாளையமும் கோம்பையும் உள்ளன. இராசபாளையம் நாய் பால்வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. இரண்டடிக்கு மேல் உயர்ந்து நிற்பது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை அதன் உருவத்தைத் தாங்கிய தலை வெளியிட்டது. அவ்வினத்தில் சில குட்டிகள் செவிடாய்ப் பிறத்தலுண்டு. ஆதலின் வாங்குமுன் கைதட்டிச் சோதித்தல் நலம்.

இனி, பேணும் முறையைக் கூறுவாம். பெரிய நாய் முழு வளர்ச்சி எய்த ஒன்றரை ஆண்டுக்கு மேலும் ஆகும். அதற்குள் மிகையாக உணவூட்டிக் கொழுக்கச் செய்யின் மூட்டுகள் கெடும். ஆழ்ந்த மார்புடைய நாய்க்கு ஒரே வேளையில் வயிறு நிறைய இடுவதும், உண்டவுடன் ஓடவிடுவதும் தீங்கு. இரைப்பை உப்பித் திருகிக் கொள்ளின் சில மணி நேரத்தில் உயிர் போகும். உணவை இருவேளையாகப் பகுத்திடுக. நிழலும் தூய நீரும் எப்போதும் இருத்தல் வேண்டும். விடியலிலும் அந்தியிலும் நடத்திச் செல்லுதல் இன்றியமையாதது.

நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய் நல்ல காவலாளி ஆகாது. அது கள்வனையும் அஞ்சல்காரரையும் வேறுபடுத்தி அறியாது. அச்சத்தால் எல்லாரையும் கடிக்கும். ஆதலின் குட்டிப் பருவத்திலேயே விருந்தினரையும் சிறுவரையும் தெருவொலியையும் அதற்குப் பழக்குதல் வேண்டும். 2024 மே மாதத்தில் சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவில் வளர்ப்பு நாய்கள் ஒரு சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தி நம் நெஞ்சை வருத்தியது. அதற்குச் சில திங்கள் முன்னர், மார்ச்சில், மத்திய அரசு 23 இனங்களைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதிற்று. ஏப்ரலில் கருநாடக உயர்நீதிமன்றம் அதனை நீக்கிற்று. சட்டம் எவ்வாறு முடியினும், கடித்த வாய்க்கு நாய் மட்டும் பொறுப்பன்று. கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவரே முதற்பொறுப்பாளர்.

வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டியின் மூன்றாம் மாதத்தில் இட்டுப் பின் ஆண்டுதோறும் மருத்துவர் கூறியபடி இடுக. 1885இல் லூயி பாஸ்டர் இந்நோய்க்கு ஊசி கண்டு ஒரு சிறுவனைக் காத்தார். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. எனினும் நோய்க்குறி தோன்றிய பின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை அடைதல் வேண்டும். மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்பிக் காலம் போக்குதல் பெரும் பேதைமை.

பத்தாண்டுக்கு மேலும் நம்மையே நம்பி வாழும் ஓருயிரை ஏற்பது எளிய செயலன்று. நேரமும் இடமும் பொருளும் இல்லாதார் வாங்காதிருத்தலே அறம். வாங்கியபின் வீடு மாறுங்கால் அதனைத் தெருவில் விட்டுச் செல்வோர், கோவிவனுக்குக் கல்லெடுத்தோர் வழிவந்தவர் என்று தம்மைக் கூறிக் கொள்ளல் தகாது. அது நம்மைக் காக்கும். நாமும் அதனைக் காப்போமாக.