'தனியார் நிலம்' என்றால் குறை தீராதா?

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வருகிற சட்டமன்ற உறுப்பினரிடம் நம் மக்கள் சொல்லும் குறைகள் எங்கும் ஒன்று போலத்தான் இருக்கின்றன. லயத்துக் கூரை ஒழுகுகிறது. லோங்கானில் தண்ணீர் தேங்கிக் கொசு மொய்க்கிறது. பாதையில் விளக்கு இல்லை. "மன்றத்தில் சொல்லி ஏற்பாடு செய்கிறேன்" என்று அவரும் வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். சில மாதங்கள் கழித்துப் பதில் வருகிறது. 'தனியார் நிலம்' என்ற இரண்டே சொல். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தப் பேச்சு அங்கே முடிய வேண்டியதில்லை. ஏன் என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மன்றத்தில் இருப்பவர் யார்?

நாம் வாக்களிப்பது நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான். நகராண்மைக் கழகத்துக்கோ மாவட்ட மன்றத்துக்கோ அல்ல. முன்பு அவற்றுக்கும் தேர்தல் இருந்தது. 1951இல் ஜார்ஜ் டவுனிலும் 1952இல் கோலாலம்பூரிலும் மக்கள் வாக்களித்தார்கள். இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய 1965இல் அத்தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் அமைந்த அரச விசாரணைக் குழுவுக்கு நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன் தலைமை ஏற்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. ஆனால் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. தேர்தலை மீண்டும் கொண்டுவரப் பினாங்கு மாநிலம் 2012இல் சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இன்று தீபகற்பத்தில் தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசாங்கம் நியமிக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அவ்வட்டாரத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே நாம் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினர் எழுதும் கடிதம் மன்றத்துக்கு வெளியிலிருந்து போகிற கடிதம். உள்ளே அதை எடுத்துப் பேச, நம் வட்டாரத்துக்குரிய மன்ற உறுப்பினர் ஒருவர் வேண்டும். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எந்தக் குறை எந்த வாசலுக்கு?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டு வாசலில் நின்று அழுதால் என்ன பயன்?

தோட்ட லயத்தில் இருப்பவர்களுக்குக் கூரை, குழாய்த் தண்ணீர், மின்சாரம் ஆகியவை முதலாளியின் பொறுப்பு. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் அதைச் சொல்கிறது. 2019இல் அது திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. புகாரை மனிதவள அமைச்சின் தொழிலாளர் இலாகாவிடம் கொடுக்க வேண்டும். சங்கத்தின் கிளைத் தலைவரையும் உடன் அழைத்துச் செல்லலாம்.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவர்களுக்கு மின்தூக்கியும் படிக்கட்டும் கூட்டுப் பொறுப்பில் உள்ளவை. முதலில் அங்குள்ள நிர்வாகக் குழுவைக் கேட்க வேண்டும். அது கேளாவிட்டால், 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி கட்டடங்களின் ஆணையர் இருக்கிறார். அவருடைய அலுவலகம் பெரும்பாலும் நகராண்மைக் கழகத்திலேயே இயங்குகிறது.

தாமானில் சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு வாசலில் ஓடும் பொது லோங்கானும் தெரு விளக்கும் மன்றத்தின் வேலை. அதற்குத்தான் மதிப்பீட்டு வரி கட்டுகிறோம்.

தனியார் நிலத்திலும் உண்டு கடமை

இப்போது அந்த இரண்டு சொல்லுக்கு வருவோம். முதலாளியின் நிலத்தில் மன்றம் பணம் செலவழித்துச் சாலை போடத் தயங்குவது உண்மை. ஆனால் அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80ஆவது பிரிவு வேறொன்றும் சொல்கிறது. மன்ற எல்லைக்குள் பொதுமக்களுக்குத் தொல்லை தரும் சுகாதாரக் கேடு எங்கிருந்தாலும், பொது இடமானாலும் தனியார் இடமானாலும், அதை அகற்ற நடவடிக்கை எடுப்பது மன்றத்தின் கடமை. துப்புரவு செய்யும்படி நில உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பவும் அதற்கு அதிகாரம் உண்டு.

ஆகவே "எங்களுக்கு லோங்கான் கட்டிக் கொடுங்கள்" என்று கேட்டால் தனியார் நிலம் என்ற பதில்தான் வரும். "இங்கே கழிவுநீர் தேங்கிக் கொசு பெருகுகிறது, 80ஆவது பிரிவின்படி உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள்" என்று கேட்டால் அந்தப் பதில் போதாது. கேட்கும் முறையில் இருக்கிறது வித்தியாசம்.

எழுத்தில் கொடுங்கள்

வாய்ச் சொல் காற்றோடு போய்விடும். குறை ஒன்றுக்குக் கடிதம் ஒன்று என்று எழுதுங்கள். இடம், எத்தனை குடும்பம், எத்தனை நாளாக என்பதைக் குறியுங்கள். படம் எடுத்துச் சேருங்கள். மன்ற அலுவலக முகப்பில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஒரு நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும், இன்னொன்றை மன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். அப்போதுதான் அவர்கள் கையிலும் பேசுவதற்கு ஆதாரம் இருக்கும்.

இன்னொரு செய்தி. மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, அதன் கூட்டங்களுக்குப் பொதுமக்களும் பத்திரிகையாளரும் போகலாம் என்று 23ஆவது பிரிவு கூறுகிறது. கூட்ட நாளைக் கேட்டறிந்து நாலு பேர் போய் உட்கார்ந்து பாருங்கள். நம் கடிதம் பேசப்படுகிறதா என்பது தெரிந்துவிடும்.

தேசிய மொழியில் கடிதம் எழுத வராதே என்று பெரியவர்கள் தயங்க வேண்டாம். இடைநிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளை நம் வீட்டிலேயே இருக்கிறது. பிள்ளை எழுதட்டும், பெற்றோர் கையெழுத்துப் போடட்டும். படித்த படிப்பு ஒழுகும் கூரைக்கும் உதவட்டும்.